முதலில் மருந்து, பிறகு அறுவை சிகிச்சை: ஏன்?

"புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் சிறுநீர்ப்பையை உடனே அகற்றாமல் ஏன் தாமதிக்கிறீர்கள்?" நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இது தாமதம் அன்று; சிகிச்சையின் முதற்கட்டம்.

புற்றுநோய் சிறுநீர்ப்பையின் தசைச்சுவரை ஊடுருவிவிட்டால், ஸ்கேனில் தெரியாத நுண்ணிய புற்றணுக்கள் உடலின் பிற பகுதிகளுக்குச் சென்றிருக்கக்கூடும். அறுவை சிகிச்சை அவற்றை எட்டாது; இரத்தத்தில் கலந்து செல்லும் கீமோதெரபி மருந்து எட்டும். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் தளர்ந்துவிடும் என்பதால், வலு உள்ளபோதே மருந்தைத் தருகிறோம்.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறுவை சிகிச்சை மட்டும் பெற்றோரில் ஐந்தாண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 45 பேர் உயிருடன் இருந்தனர். சிஸ்பிளாட்டின் அடங்கிய கூட்டு மருந்துகளை முன்னதாகப் பெற்றோரில் 50 பேர். இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆயினும் அந்த ஐவரின் குடும்பங்களுக்கு அதுவே முழு வாழ்வு.

பொதுவாக 21 நாள்களுக்கு ஒருமுறையாக, மூன்று அல்லது நான்கு சுற்றுகள் மருந்து தரப்படும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவித்திறனையும் பாதிக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு இம்மருந்து ஏற்றதன்று. அவர்களிற் பலருக்கு நேரடியாக அறுவை சிகிச்சையே செய்யப்படும்.

வீட்டிலிருப்போர் கவனிக்க வேண்டியவை:

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். பொள்ளாச்சி, கோபி போன்ற வெளியூர்களில் இருப்போர், அருகிலுள்ள எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதை முன்கூட்டியே எங்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் சொன்ன அளவில் நீர் அருந்தச் செய்யுங்கள். காதில் இரைச்சல், விரல்களில் மரத்துப்போதல், சிறுநீர் குறைதல் இருந்தால் தெரிவியுங்கள். பீடி, சிகரெட்டை அறவே நிறுத்துங்கள்.

இறுதியாக ஒன்று. இரண்டாம் சுற்றுக்குள்ளேயே பலருக்குச் சிறுநீரில் இரத்தம் போவது நின்றுவிடும், பசியும் திரும்பும். "குணமாகிவிட்டது, இனி அறுவை எதற்கு?" என்று சிலர் வராமலேயே இருந்துவிடுகின்றனர். இரத்தம் நின்றது மருந்து வேலை செய்வதன் அறிகுறி. நோய் தீர்ந்ததற்குச் சான்று அன்று. ஸ்கேன் தெளிவாக இருந்தாலும் சுவருக்குள் புற்றணுக்கள் எஞ்சியிருக்கலாம். மீண்டும் வளர்ந்தால், குணப்படுத்தும் வாய்ப்பே நழுவிவிடக்கூடும். சிறுநீர்ப்பையை இழக்கும் அச்சம் இயல்பானதே. அதனை எங்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். குறித்த நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.