பூட்டு அல்ல பிரச்சினை

அன்புத் தம்பிக்கு,

போன வாரம் வகுப்பு முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாய். "ஐபோன் 7-ல பூட்டை உடைச்சுட்டாங்க. அதுவும் ஆர்ம் சிப், ஆண்ட்ராய்டு போனும் ஆர்ம் சிப். அப்புறம் ஏன் சார் ஆண்ட்ராய்டு அதுல ஒழுங்கா ஓடல?" இரண்டு வரியில் பதில் சொல்லி உன்னை அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. உன்னிடம் மட்டுமில்லை, ஊரெல்லாம் இருக்கிறது. கம்பெனி போட்ட பூட்டுதான் ஒரே தடை, அது போய்விட்டால் எந்தப் போனிலும் எந்த இயங்குதளத்தையும் ஏற்றிவிடலாம் என்று காணொளி போடுகிறவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 2019 செப்டம்பரில் 'செக்எம்8' என்ற ஓட்டை வெளியானது. ஐபோன் 4எஸ்-இலிருந்து ஐபோன் எக்ஸ் வரைக்கும் சிப்புக்குள்ளேயே பதிந்துவிட்ட பூட்ரோமில் உள்ள பிழை அது. அப்டேட் அனுப்பி அடைக்க முடியாது. 2020 மார்ச்சில் கொரீலியம் நிறுவனத்தார் அதை வைத்து ஐபோன் 7-லும் 7 பிளஸ்ஸிலும் ஆண்ட்ராய்டை ஏற்றி, 'சாண்ட்காசில்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். திரை வந்தது, டச் வேலை செய்தது, வைஃபை கிடைத்தது. கேமரா இல்லை, சத்தம் இல்லை, புளூடூத் இல்லை. சிம் போட்டுப் பேச வழியில்லை. ஜிபியு சும்மா கிடந்தது. பூட்டு முழுசாகத் திறந்த பிறகும் நிலைமை இதுதான். அப்படியானால் தடை வேறெங்கோ இருக்கிறது.

'ரெண்டும் ஆர்ம்' என்பதற்கு அர்த்தம் கொஞ்சம்தான். கூட்டு, நகர்த்து, தாவு என்கிற கட்டளைகள் இரண்டுக்கும் ஒன்று, அவ்வளவுதான். கட்டளைகளை நிறைவேற்றும் அந்தச் செயலிக் கோரைத் தாண்டி ஓரடி வெளியே வந்தால் எல்லாமே வேறு. ஒரு சிப் செயலியைக் கூப்பிட்டு 'எனக்கு வேலை இருக்கிறது, கவனி' என்று சொல்ல ஒரு இன்டரப்ட் கண்ட்ரோலர் வேண்டும். மற்ற ஆர்ம் போன்களில் பெரும்பாலும் ஆர்ம் நிறுவனமே வடிவமைத்த 'ஜிஐசி' இருக்கும். ஆப்பிள் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டது. அதற்கு டிரைவர் எழுதாமல், ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் லினக்ஸ் கர்னல் மூச்சுகூட விடாது.

மேசைக் கணினியில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? பிசிஐ தடத்தில் செருகிய ஒவ்வொரு கார்டும், கேட்டால் தன் பெயரைச் சொல்லும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அந்தப் பெயர் ஓர் எண்தான்; இன்டெல்லின் அடையாள எண் 8086. (பழைய செயலியின் பெயரையே எண்ணாக வாங்கிக்கொண்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.) லினக்ஸ் தடத்தைச் சுற்றி வந்து யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு, அவரவருக்கு உரிய டிரைவரை எடுத்துக் கொடுக்கிறது. போனுக்குள் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இங்கேதான் உன்னை ஐ-ஸ்கொயர்-சி பக்கம் இழுக்கப் போகிறேன். பொறுத்துக்கொள். அதன் விவரக் குறிப்பு என்னைப் பொறுத்தவரை மிக அழகான தொழில்நுட்ப ஆவணங்களில் ஒன்று. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். 1982-ல் பிலிப்ஸ் நிறுவனம், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்கள் பேசிக்கொள்வதற்காக உருவாக்கியது. ரெண்டே கம்பி. ஒன்றில் கடிகாரத் துடிப்பு, இன்னொன்றில் தரவு. ஒவ்வொரு சிப்புக்கும் 7 பிட் முகவரி. முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டால், அந்தச் சிப் 'இருக்கிறேன்' என்று ஒரே ஒரு பிட் பதில் தரும். நான் டச் சிப்பா, திசைகாட்டியா, ஒளி உணரியா என்று சொல்லாது. டிவி செய்கிறவனுக்கு எந்த முகவரியில் எதை வைத்தோம் என்று தெரியும், அதனால் யாரும் அந்தக் குறையை உணரவில்லை. இன்றைய போனிலும் டச், சென்சார்கள், பேட்டரி அளவி எல்லாம் பெரும்பாலும் அந்த ரெண்டு கம்பியில்தான் தொங்குகின்றன.

டச் சிப் ஒன்றையே எடுத்துக்கொள். அதை எழுப்ப என்ன வேண்டும்? மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் சிப்பில் எந்த ரெகுலேட்டர் இதற்குப் போகிறது என்று தெரிய வேண்டும். அதை எத்தனை வோல்ட்டில் திறக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். 1.8 வோல்ட் கேட்கும் சிப்புக்கு 3 வோல்ட் கொடுத்தால் அதோடு கதை முடிந்தது. பிறகு ரீசெட் கம்பி எந்தப் பின்னில் இருக்கிறது, அதை எத்தனை மில்லிசெகண்ட் அழுத்தி விட வேண்டும், விட்ட பிறகு எத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். அத்தனையும் சரியாகச் செய்த பிறகுதான் அது தன் முகவரிக்குப் பதில் சொல்லும். விரல் பட்டதை எந்தப் பின் வழியாகத் தெரிவிக்கும் என்பது அதற்கும் மேலே. இதில் ஒரு எண்கூடப் போனைத் தட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியதில்லை. மதர்போர்டை வரைந்தவரிடம் இருக்கும், அல்லது அவர் கம்பெனி எழுதிய கர்னல் மூல நிரலில் இருக்கும்.

இதிலிருந்து எனக்கு ஒரு கோட்பாடு உண்டு. உடன்பிறப்பு இல்லாத போனில், அதாவது அதே சிப்போடு கர்னல் மூலம் வெளியான இன்னொரு போன் இல்லாதபோது, போர்ட் வேலை (வேறு இயங்குதளத்தைக் கொண்டுவந்து ஓட்டுவது) நடக்காது, நடந்தாலும் நொண்டும்.

எச்டிசி எச்டி2-ஐப் பார். 2009 கடைசியில் விண்டோஸ் மொபைல் 6.5-ஓடு வந்த போன், 4.3 அங்குலத் திரை. சில மாதங்களில் அதில் ஆண்ட்ராய்டு ஓடியது. 2011 ஜனவரியில் விண்டோஸ் போன் 7-உம் ஓடியது. இதை ஏதோ மாயாஜாலம் போலச் சொல்கிறார்கள். 2010 ஜனவரியில் அதே எச்டிசி கூகிளுக்காக நெக்ஸஸ் ஒன் போனைச் செய்து கொடுத்தது. அதே குவால்காம் க்யூஎஸ்டி8250 சிப். நெக்ஸஸ் ஒன் லினக்ஸில் ஓடியதால் அதன் கர்னல் மூல நிரல் உரிமப்படி வெளியே வந்தாக வேண்டும், வந்தது. 'மஹிமஹி' என்ற பெயரில் ஒரு போர்டு ஃபைல், அதாவது அந்தப் போர்டின் முகவரி, பின், ரெகுலேட்டர் விவரங்களை எழுதிவைத்த நிரல் கோப்பு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எச்டி2-வுக்கு 'லியோ' என்று ஒரு போர்டு ஃபைல் எழுதினார்கள். கடிகாரம், நினைவகம், மோடத்தோடு பேசும் வழி எல்லாம் தங்கையிடமிருந்து அக்காவுக்கு வந்தன. மாறியதை மட்டும் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. நெக்ஸஸ் ஒன்னில் 3.7 அங்குல அமோலெட் திரை, எச்டி2-வில் எல்சிடி. அங்கே டிராக்பால், இங்கே வரிசையாக ஐந்து பொத்தான். விண்டோஸ் சின்னம் போட்ட பொத்தானை ஆண்ட்ராய்டின் மெனுவாக்க வேண்டியிருந்தது.

அப்படியும் எளிதாக இல்லை. ஆரம்ப நாட்களில் ஆண்ட்ராய்டு நேரடியாகக் கிளம்பவில்லை. முதலில் விண்டோஸ் மொபைல் எழுந்து திரை, மோடம் எல்லாவற்றையும் தயார் செய்து வைக்கும். பிறகு 'ஹாரெட்' என்ற சின்ன நிரல் விண்டோஸை அப்படியே தள்ளிவிட்டு, மெமரி கார்டில் இருக்கும் லினக்ஸ் கர்னலுக்குக் கட்டுப்பாட்டைக் கொடுக்கும். திரையை எழுப்பும் கட்டளை வரிசை தெரியாதா? எழுப்பத் தெரிந்தவனை முதலில் எழுப்பச் சொல்லிவிட்டு, அவன் வைத்த இடத்திலிருந்து எடுத்துக்கொள். எனக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான வேலை சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஆனாலும் போன் பேசினால் குரல் ரோபோ பேசுவது போலக் கேட்டது. மோடம் தனிச் செயலி, தனி மென்பொருள். பேச்சின் ஒலி ஆண்ட்ராய்டின் கையில் முழுசாக இல்லை. செயலி, திரை, வைஃபை எல்லாம் ஓடி, 'ஹலோ' மட்டும் கெட்டுப்போனால் அந்தப் போனை யார் வைத்துக்கொள்வார்?

நோக்கியா என்900-இல் ஆண்ட்ராய்டை ஓட்டியதும் இதே கதைதான். அதன் ஓமேப் 3430 சிப்பே மோட்டரோலா டிராய்டிலும் இருந்தது. முதல் ஐபோனில் 2010-ல் ஆண்ட்ராய்டு ஓடியதே என்று நீ மடக்குவாய். ஓடியது. ஆனால் அதற்கு முன்பே, 2008-ல், அதில் லினக்ஸைக் கிளப்பியிருந்தார்கள். பூட்லோடரையும் டிரைவர்களையும் ஆப்பிளின் இரும நிரலைப் பிரித்துப் படித்து எழுதினார்கள். உடன்பிறப்பு இல்லாததற்கு அவர்கள் கொடுத்த விலை அந்த உழைப்பு. ஐபோன் 7-க்கும் அக்கா தங்கை எல்லாம் ஆப்பிள் வீட்டிலேயேதான், யாரும் வெளியே வந்து பேசுவதில்லை. உன் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்.

இப்போது போர்டு ஃபைல் காலம் போய் டிவைஸ் ட்ரீ வந்துவிட்டது. போர்டுக்குப் போர்டு ஒரு சி கோப்பு என்று குவிந்ததைப் பார்த்து 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கோபப்பட்டார், நியாயமான கோபம். பவர்பிசி உலகில் இருந்த டிவைஸ் ட்ரீயை ஆர்முக்கும் கொண்டுவந்தார்கள். முகவரி, பின், ரெகுலேட்டர் எல்லாம் நிரலிலிருந்து விலகி ஒரு விவரக் கோப்புக்குப் போயின. நல்ல மாற்றம். ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: அந்தக் கோப்பில் எண்களை நிரப்புவது யார்? ஆண்ட்ராய்டு 8-ஓடு 2017-ல் வந்த 'ட்ரெபிள்' ஏற்பாடும் அப்படித்தான். சிப் கம்பெனியின் பகுதியை ஆண்ட்ராய்டிலிருந்து பிரித்துவைத்தது, ஆனால் அந்தப் பகுதி ஏற்கெனவே இருக்கும் போனுக்குத்தான் அது உதவும்.

பேட்டரி பற்றி நீ கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சிப்பையும் எழுப்பக் கற்றது போலவே உறங்கவைக்கவும் கற்க வேண்டும். ஒன்று விழித்திருந்தாலும், எல்லாம் ஓடுகிறது என்று நீ கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் இறங்கிவிடும். போர்ட் செய்கிறவர்கள் கடைசியாகத் தொடுவதும், பெரும்பாலும் முடிக்காமல் விடுவதும் இதைத்தான்.

நீயே இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டால் ஐபோனை விட்டுவிடு. கர்னல் மூலம் வெளியான பழைய போன் ஒன்றை எடு. அதே சிப்பில் லினக்ஸ் நன்றாக ஓடும் இன்னொரு போனைத் தேடிப் பிடி. எதையும் ஏற்றாதே. முதலில் மஹிமஹியையும் லியோவையும் அருகருகே திறந்து, வரி வரியாக வேறுபாட்டைப் படி. பிறகு உன் போனின் டச் சிப்புக்கு எந்த ரெகுலேட்டர், எத்தனை வோல்ட், ரீசெட் எந்தப் பின் என்று ஆதாரத்தோடு எழுதி எனக்கு அனுப்பு. எங்கிருந்து எடுத்தாய் என்பதையும் அதே தாளில் எழுது. ஊகித்த எண் ஏதாவது இருந்தால் தனியாகக் குறித்துக் காட்டு.

அன்புடன்,
உன் ஆசிரியர்