உறைதலும் ஒழுகுதலும்

குருதியானது குழாயினுள் ஓடுங்கால் நீராகவும், புண்வாயில் கட்டியாகவும் இருத்தல் வேண்டும். கடுங் கிருமித்தாக்கத்தால் உறுப்புக்கள் தளர்ந்த நோயாளியிடத்து இவ்விரண்டும் ஒருங்கே இடம் மாறுகின்றன. இந்நிலையை மேனாட்டார் 'செப்சிசு' என்பர். அழுகுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. சொற்பொருள் கூறுதல் எமது தொழிலாதலின் இதனையும் கூறினோம். வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர்க்கு இக்கட்டுரையிற் புதுமை யாதுமில்லை. ஏனையோர்க்கும் மேல்வகுப்பு மாணவர்க்குமே எழுதுகின்றோம்.

கிருமி குருதியிற் புகுந்ததும் வெண்குருதிக் கலங்களுட் சில, இழையக் காரணி என்னும் பொருளை வெளிக்காட்டுகின்றன. அதனால் துரொம்பின் உண்டாகின்றது. அது குருதியிற் கரைந்துள்ள பைபிரினோசனைப் பைபிரின் என்னும் நாராக மாற்றுகின்றது. நலமுற்ற உடலில் அன்ரிதுரொம்பின், புரதம் சி என்பன இவ்வேகத்தை அடக்கும். இந்நோயிலோ இரண்டும் குன்றிவிடுகின்றன. உறைந்ததைக் கரைக்கும் ஆற்றலும் தடைப்படுகின்றது. சிறுநீரகம், நுரையீரல், தோல் ஆகியவற்றின் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. விரல்நுனி கறுப்பதும் உண்டு. உறைதற்கு வேண்டிய சிறுதட்டுக்களும் காரணிகளும் இவ்வாறு செலவாகிவிட, ஊசி குத்திய இடத்திலும் பல்லீறிலும் குருதி ஒழுகுகின்றது. ஓலை முழுவதையும் தன் வீட்டு வாயிலை அடைப்பதிற் செலவிட்டவன், வேலிப்பொட்டால் மாடு புகுங்கால் யாது செய்வான்?

உறைதலைத் தடுத்தால் உயிர் பிழைக்கும் என்று எண்ணுதல் இயல்பே. 2001ஆம் ஆண்டில், செயற்கையாய் ஆக்கிய புரதம் சி மருந்தை 1690 நோயாளரிடத்துச் சோதித்தனர். வெறுந் திரவம் பெற்றோருள் நூற்றுக்கு 30.8 பேரும், மருந்து பெற்றோருள் 24.7 பேரும் 28 நாளுள் இறந்தனர். அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசு அதன் விற்பனைக்கு இசைந்தது. ஐயம் தீராமையின் மீண்டும் ஒரு சோதனை நடாத்தப்பட்டது. அதில் மருந்து பெற்றோருள் 26.4 பேர் இறந்தனர், பெறாதாருள் 24.2 பேர். பயன் காணாமையால் 2011 ஒக்டோபரில் உற்பத்தியாளரே அதனை மீட்டுக்கொண்டனர். அன்ரிதுரொம்பினும் 2001இல் 2314 பேரிடத்துச் சோதிக்கப்பட்டுத் தோற்றது.

தோல்விக்குக் காரணம் என்னை? நுண்குழாயிற் கட்டும் உறைவு, கிருமியைச் சிக்கவைக்க உடல் விரிக்கும் வலையும் ஆகும் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். வலையை எல்லாரிடத்தும் ஒருபடித்தாய் அறுத்தல் தகாது.

ஆதலின் வைத்தியர் முதற்கண் மூலத்தையே நாடுகின்றனர்: கிருமிகொல்லி மருந்தை விரைந்து ஏற்றுதல், சீழை வெளியேற்றுதல், குருதியமுக்கத்தைக் காத்தல். சிறுதட்டுக்கள் கனமில்லிமீற்றருக்கு 10,000இற் குறைந்தால், ஒழுக்கு இல்லாவிடினும் ஏற்றுவர். குருதி ஒழுகுவோர்க்கும் சத்திரசிகிச்சைக்கு உரியோர்க்கும் 50,000 வேண்டும் என்பர். பரிசோதனைத் தாளில் உள்ள எண்ணைத் திருத்துதற்காக மட்டும் பிளாசுமா ஏற்றுவதில்லை. ஒழுக்கு இல்லாத நோயாளிக்குச் சிறிதளவு எப்பாரின் தோலின்கீழ் இடுவர். குருதி கெட்டவனுக்கு உறையாமருந்தா என்று உறவினர் திகைப்பர். அசைவற்றுக் கிடப்பவனது கால்நாளத்திற் கட்டி உண்டாகாது காத்தற்கே அது.

யப்பானில் மட்டும் நிலைமை சற்று வேறு. அங்கே துரொம்போமொடியூலின் என்னும் மருந்து 2008 முதல் வழங்குகின்றது. பல நாடுகளிலும் நடாத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில் மருந்து பெற்றோருள் 26.8 பேரும் பெறாதாருள் 29.4 பேரும் இறந்தனர். அவ்வேறுபாடு தற்செயலாயும் நேரக்கூடியதே என்பது கணிதர் தீர்ப்பு. உறைதற்கோளாறு தெளிவாய் வெளிப்பட்டவரை மட்டும் தேர்ந்து கொடுத்தாற் பயன் உண்டு என்பது யப்பானிய வைத்தியர் பலரது வாதம்.