விண்வெளியில் வளர்ந்த ஈக்கள்

கேள்வி: ஆகாயயாத்திரை செய்யும் பிராணிகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குன்றும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், வையம்பட்டி)

பதில்: உண்மைதான். சோவியத் தேசத்தின் காஸ்மாஸ் கலங்களில் சென்று மீண்ட எலிகளுக்கு, எதிர்ப்பணுக்கள் பக்குவமடையும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. ஆயினும், பிரயாணத்தின் அதிர்ச்சியும் அச்சமுமே அச்சுரப்பியைச் சுருக்கவல்லவை ஆதலால், எடையின்மையின் பங்கு எவ்வளவு என்று அதைக்கொண்டு மட்டும் துணிய இயலாது.

எனக்கு அதனினும் விசேஷமாகத் தோன்றுவது பழ ஈக்களின் கதை. 2006 ஜூலையில் டிஸ்கவரி விண்ணோடத்தில் ஏற்றப்பட்ட ஈக்கள் இட்ட முட்டைகளிலிருந்து விண்வெளியிலேயே வளர்ந்த சந்ததியை ஆராய்ந்தபோது, கிருமிகளை விழுங்கும் அணுக்களின் திறன் அவற்றின் புழுக்களிடம் தளர்ந்திருந்ததைக் கண்டவர்களுள், நாசாவில் பணியாற்றும் நம் நாட்டு வம்சாவளியினரான ஷர்மிளா பட்டாச்சார்யாவும் ஒருவர். வளர்ந்த ஈக்களுக்கோ, உங்கள் பக்கத்து விவசாயிகள் பயிர்ப்பூச்சிகளை அழிக்கத் தெளிக்கும் பெவேரியா பேசியானா என்னும் பூஞ்சணத்தையே தொற்றவைத்துப் பார்த்தார்கள். பூஞ்சணம் புகுந்தவுடன் சரீரத்தைத் தற்காப்புக்கு எழுப்பவேண்டிய 'டோல்' என்னும் சமிக்ஞைப் பாதை அவற்றில் செயலற்றிருந்தது. பாக்டீரியாவை எதிர்க்கும் வேறொரு பாதையோ பழுதின்றி இயங்கியது. ஆகவே, சக்தி முழுவதும் ஒருசேர அழிவதில்லை. ஒரு பகுதி மட்டுமே ஓய்ந்துவிடுகிறது.

இதற்கு எடையின்மையே காரணமாகலாம் என்று கருத வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. பூமியிலேயே சுழல்யந்திரத்தில் வைத்து மிகையான ஈர்ப்புக்கு உட்படுத்திய ஈக்கள், அதே பூஞ்சணத்தைச் சாதாரண ஈர்ப்பில் இருந்த ஈக்களைக்காட்டிலும் வலுவாக எதிர்த்து நின்றன.