பேயை விடுங்கள், சொல்கிறவரைப் பாருங்கள்: திகில் சிறுகதை வாசிக்க முழுமையான வழிகாட்டி

சேர்வராயன் மலையில், மாரமங்கலம் பக்கம் ஒரு தகரக் கூரை வீட்டில்தான் எட்கர் ஆலன் போவை முதன்முதலாகப் படித்தேன். ஐப்பசி மாதம். மழை விட்டு வெகுநேரமாகியும் கூரையில் ‘டொக்... டொக்’ நின்றபாடில்லை. காலையில் பார்த்தால், கூரைமேல் கிளை நீட்டிய சில்வர் ஓக் மரம். மூடுபனி இலையில் திரண்டு சொட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி அது இதயத் துடிப்பாகத்தான் கேட்டது. கையில் இருந்த கதை அப்படி.

படி 1: எதில் தொடங்குவது?

பாழ்மாளிகை, பூட்டிய அறை, பழைய பாவம் எல்லாம் ஹொரேஸ் வால்போல் 1764இல் எழுதிய நாவல் காலத்துச் சரக்கு. கோதிக் என்று பெயர். போ அந்த மாளிகையை மனிதனின் மண்டைக்குள் கொண்டுபோய் வைத்தார். அதனால் நேராக 1843இல் வெளிவந்த ‘தி டெல்-டேல் ஹார்ட்’ கதைக்குப் போங்கள். ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

படி 2: சொல்கிறவரைச் சந்தேகியுங்கள்

தனக்குப் பைத்தியமில்லை என்று வாதாடிக்கொண்டேதான் அந்தக் கதைசொல்லி உள்ளே வருகிறான். கிழவர்மேல் கோபமில்லை, அவர் பணத்தின்மேல் ஆசையுமில்லை. படலம் படர்ந்த அவருடைய ஒரு கண் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு நிதானமாகக் காரியத்தைச் செய்தேன் பாருங்கள் என்று பெருமை வேறு. ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, அவன் தன் புத்தியை மெச்சிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் கோடு போடுங்கள். கோடு கூடக்கூட உங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

படி 3: எண்ணிக்கையைக் கவனியுங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். குமட்டல் வருகிறவருக்கு அந்த எண்ணே தண்டனை. போவும் இப்படித்தான் எண்ணுகிறார்: ஏழு இரவுகள் நள்ளிரவில் கதவைத் திறக்கிறான், தலையை நுழைக்க மட்டும் ஒரு மணி நேரம், எட்டாம் இரவில் கிழவர் விழித்துக்கொள்கிறார். கொலை சில வரிகளில் முடிந்துவிடும். காத்திருப்புதான் பக்கங்களைத் தின்கிறது.

படி 4: மஞ்சள் சுவர்

அடுத்தது சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’, 1892. பிள்ளை பெற்றவள் ஒருத்தி, கணவனே டாக்டர். ஓய்வெடு, எழுதாதே என்று கம்பி போட்ட ஜன்னல் அறையில் இருத்துகிறான். சுவர்த்தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்வது அவளுக்குத் தெரிகிறது. சைலஸ் வெயர் மிட்செல் என்ற பெயர்பெற்ற மருத்துவர் கில்மனுக்கு நிஜமாகவே இந்த ஓய்வு வைத்தியத்தைச் செய்தவர். எனக்குப் போவைவிடக் கில்மன் ஒரு படி மேல். போவிடம் நோயாளி மட்டும்தான் இருக்கிறான், இங்கே நோயை வளர்க்கிறவரும் இருக்கிறார், அதுவும் அன்பாக.

நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். பைத்தியம் என்ற சொல்லைக் கதைக்கு வெளியே நான் எடுப்பதில்லை.

படி 5: புதுமைப்பித்தனிடம் வாருங்கள்

கடைசியாக ‘காஞ்சனை’. அதே தலைப்பில் தொகுப்பு வந்தது 1943இல், போவின் கதைக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து. தூக்கம் வராத ஒருவர். மனைவி வீட்டு வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பிச்சைக்காரி. தான் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்று அவரே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறார். அப்படிப்பட்டவர் சாட்சியை எவ்வளவு தூரம் நம்புவது? வந்தவள் பேயா, அவர் மனக்கோளாறா என்பதைப் புதுமைப்பித்தன் கடைசிவரை முடிச்சவிழ்க்கவில்லை. படித்து முடித்ததும் யாரிடமும் விளக்கம் கேட்காதீர்கள். அடுத்த நாள் ஒருமுறை படியுங்கள்.

பயம் இதில் சத்தமாக வராது, நள்ளிரவில் எங்கிருந்தோ வரும் வாடையாக வரும். ஆகவே ஒரு எச்சரிக்கை: கோடையின் முதல் மழை விழுந்த பத்து நாளுக்குள் இதை மாரமங்கலத்தில் படிக்காதீர்கள். அப்போதுதான் காபி பூக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் மல்லிகைபோல ஒரு வாசனை கட்டில்வரை வரும்.