சைவ உணவும் குடும்ப ஆரோக்கியமும்

கொல்லாமையும் புலால் மறுத்தலும் சைவசமயத்தவரின் தலையாய ஒழுக்கங்கள். திருவள்ளுவர் இவ்விரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822-1879) சிறுவர்களுக்கென எழுதிய பாலபாடத்திலே புலாலுண்ணலைக் கண்டித்தார். வன்னியிலோ வழக்கம் சற்று வேறு. செவ்வாய், வெள்ளிகளிலும், கந்தசஷ்டி ஆறு நாட்களிலும், கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாட்களிலும், வற்றாப்பளை அம்மன் பொங்கற் காலத்திலும் மச்சம் விலக்கும் குடும்பங்களே அதிகம். ஏனைய நாட்களில் குளத்து மீனும் முல்லைத்தீவுக் கடல்மீனும் சட்டியில் ஏறும். ஆண்டு முழுவதும் மரக்கறியே உண்போர் சிலரே.

இப்போது இதற்கு மேலும் ஒருபடி சென்ற வினா ஒன்று வீடுகளுக்குள் வந்திருக்கிறது. திருவிழாவுக்கென லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்திறங்கும் பேத்தி, அம்மம்மா நீட்டும் பால்தேத்தண்ணியை வேண்டாமென்கிறாள். பால், தயிர், நெய், தேன் யாவும் விலக்கு என்கிறாள். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தனிச் சங்கமாக உருவெடுத்த இவ்வழக்கத்தை 'வீகன்' என்பர். கன்றுக்குரிய பாலைப் பறிப்பதும் இம்சையே என்பது அவர்களது நியாயம். இதனை எள்ளி நகையாட வேண்டியதில்லை. கன்று குடித்த பின்னரே கறக்க வேண்டும் என்று முன்னோர் சொன்னதும் இதே இரக்கத்தினால்தான். எனினும் பசுவுக்கு வீட்டிலும் கோவிலிலும் இடங்கொடுத்த சைவ மரபு பாலை விலக்கவில்லை. ஆனைந்தாட்டுதலும் பாற்பொங்கலும் அதற்குச் சான்று.

இம்சை பற்றிய வாதம் ஒருபுறமிருக்க, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள குடும்பத்துக்கு இவ்வுணவு ஏற்றதா என்பதே தாய்மார் அறிய வேண்டியது. இதில் நிபுணர்களே ஒருமுகமாக நிற்கவில்லை. நன்கு திட்டமிடப்பட்ட வீகன் உணவு வாழ்வின் எல்லாப் பருவத்துக்கும் போதும் என 2016இல் அமெரிக்க உணவியலாளர் சங்கம் கூறியது. அதே ஆண்டிலேயே ஜேர்மனியின் போசாக்குச் சங்கம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அதனைப் பரிந்துரைக்க மறுத்தது. 2024இல் அச்சங்கம் சற்று இளகி, இப்பிரிவினருக்கு ஆதரவாகவோ எதிராகவோ சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றது. 2025இல் அமெரிக்கச் சங்கம் வெளியிட்ட புதிய நிலைப்பாடோ வளர்ந்தோரை மட்டுமே பற்றிப் பேசுகிறது. வளர்ந்தவருக்குப் பொதுவாக நன்மை உண்டு: கெட்ட கொழுப்புக் குறையும், நீரிழிவு வரும் வாய்ப்புக் குறையும். ஆனால் இங்கிலாந்தில் பல்லாண்டுகள் தொடர்ந்த பெரிய ஆய்வொன்று, வீகன்களிடையே எலும்பு முறிவு அதிகம் என 2020இல் காட்டியது.

சிக்கலின் கரு விற்றமின் பீ12 ஆகும். இதனை ஆக்குபவை நுண்ணுயிர்கள். மனிதனுக்கு அது வந்து சேருவது மீன், இறைச்சி, முட்டை, பால் வழியே. முருங்கையிலையிலோ பயறிலோ எள்ளிலோ அது இல்லை. புளித்த தோசை மாவில் உண்டென்று சிலர் சொல்வதை நம்பியிருக்க முடியாது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 2.4 மைக்கிரோகிராம், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 1 மைக்கிரோகிராம் கிடைக்கும். ஆகவே பாலும் தயிரும் தாராளமாகச் சேர்க்கும் சைவக் குடும்பம் பெரும்பாலும் தப்பிவிடும். பால் தேத்தண்ணியில் நிறம் மாற்ற மட்டும் ஊற்றும் குடும்பம் தப்பாது.

வளர்ந்தவரின் ஈரலில் பீ12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். அதனாலேயே பாலை விட்டவர், "இரண்டு வருசமாச்சு, எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பார். தாயிடம் குறைவாக இருந்தால் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு இல்லை, தாய்ப்பாலிலும் குறைவு. சில மாதங்களில் குழந்தை சோர்ந்து, சிரிப்பை மறந்து, நின்ற கழுத்து மீண்டும் துவளலாம். காலந் தாழ்த்தினால் மூளைக்கு ஏற்படும் சேதம் முற்றாக மாறாமலும் போகும். மேலும் ஒரு வஞ்சகம் உண்டு. கீரைகளில் நிறைந்துள்ள போலிக் அமிலம் இரத்தச்சோகையை மறைத்துவிட, நரம்புப் பாதிப்பு உள்ளே வளரும். கீரை நல்லதே, ஆனால் கீரை உண்பதனால் மட்டும் குறையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கர்ப்பிணித்தாய் பால் முதலியவற்றை விலக்குபவராயின் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதனை மறைக்காமற் சொல்லி, பீ12 குளிசை பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். வழமையான இரும்புக் குளிசையில் அது அடங்கியிருக்கும் என இருந்துவிடலாகாது.

தேங்காய்ப்பால் பெயரளவிலேதான் பால். அதில் கொழுப்பு உண்டு. பசுப்பாலின் புரதமும் கல்சியமும் இல்லை. பாலை நிறுத்திய பிள்ளைக்கு அதனை ஈடாகக் கொடுப்பது பிழை.

மற்றைய சத்துகளில் வன்னி மண் வறியதன்று. பயறு, உழுந்து, கௌபி, நிலக்கடலை புரதம் தருவன. குரக்கன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. எள்ளுருண்டை தின்பண்டம் என்று ஒதுக்கத்தக்கதல்ல. ஊறவைத்து முளைக்கட்டிய பயற்றிலிருந்து இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். தேசிக்காய்ப் புளி விட்டால் இன்னும் நன்று. சாப்பிட்டு முடித்த கையோடு சாயத்தேத்தண்ணி குடிக்கும் வழக்கமோ அந்த இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணிநேரமாவது கழித்துக் குடிக்கலாம். மீனில்லா வீட்டில் அயடீன் சேர்த்த உப்பை விட்டுவிடக் கூடாது. வெள்ளைச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் பொரித்த அப்பளமும் மச்சமில்லாத சாப்பாடுதான். ஆனால் சத்தான சாப்பாடு என்று சொல்ல முடியாது.

வன்னியில் மச்சமும் பாலும் இல்லாத உணவைச் சனங்கள் எப்போதும் விரும்பித் தெரிந்தெடுத்ததில்லை. 2009இன் முற்பகுதியில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் அரிசியும் நீரும் உப்பும் கொண்ட கஞ்சியே பல நாட்களில் உணவு. அது உயிரைப் பிடித்து வைத்தது; பிள்ளைகளின் உடலை வளர்க்க அது போதவில்லை. பட்டி பட்டியாக நின்ற மாடுகளும் எருமைகளும் அந்தக் காலத்திலேயே கைவிட்டுப் போயின. 2021, 2022ஆம் ஆண்டுகளின் நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றதும், விலை கேட்டுத் திரும்பியதும் மறக்கக் கூடியதன்று. ஒருவர் அறத்தினால் விடுவதும் இன்னொருவர் இல்லாமையினால் விடுவதும் ஒன்றல்ல. ஆனால் பீ12 குறைந்த உடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

குழந்தைகளைப் போலவே கவனிக்கப்பட வேண்டியவர் முதியோர். தீட்சை பெற்று முழுச்சைவமான பாட்டனார் பலர் நீரிழிவுக்கு மெற்போமின் குளிசை எடுப்பவர்கள். வயது ஏற ஏற உணவிலுள்ள பீ12ஐக் குடல் உறிஞ்சுவது குறையும். மெற்போமினை நெடுங்காலம் எடுத்தாலும் குறையும். பாதம் விறைத்து, நடை தளம்பி, ஞாபகம் மங்கினால் "சீனி வருத்தம் தானே, வயசும் போச்சு" என்று வீட்டார் விட்டுவிடுவதுண்டு. ஓர் இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரியும். ஊசியாலோ குளிசையாலோ சீராக்கலாம். அடுத்த கிளினிக் நாளில், பாட்டனார் மச்சம் தொடாதவர் என்பதைக் கூடச் செல்பவர் வைத்தியரிடம் சொன்னாற் போதும்.