தாங்கிக்கொள்ளும் மீன்

தங்கமீன் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பெரும்பாலும் சென்னைக்காரர்கள். கொளத்தூர் கடைகளுக்குப் போய் ஒரே நாளில் தொட்டியும் மீனும் வாங்கிவர நினைப்பவர்கள். எனக்கிருக்கும் கவலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மீன் குளிரையும் அழுக்குத் தண்ணீரையும் காற்றுக் குறைவையும் பல நாள் தாங்கும். அதனாலேயே வேறெந்த மீனுக்கும் நாம் செய்யாத கொடுமையை இதற்குச் செய்துவிடுகிறோம். அது உயிரோடு இருப்பதைப் பார்த்து நலமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

1. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வாங்க வேண்டாம். தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. நன்றாக வளர்த்தால் குண்டு வகைகள் ஆறு, எட்டு அங்குலமும், நீள உடல்காரர்களான காமெட் வகைகள் ஓர் அடியும் வளரும். தொட்டியின் அளவுக்கு மேல் மீன் வளராது என்று கடையில் சொல்வார்கள். கழிவு சேர்ந்த தண்ணீரில் வளர்ச்சி முடங்கிப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 190 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் மூன்று குண்டு மீன்கள் வளரலாம். நாலாவதற்கு ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். தண்ணீரின் எடை மட்டுமே 190 கிலோ என்பதால், உறுதியான இரும்பு ஸ்டாண்டும் சமமான தரையும் வேண்டும்.

2. அதன் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சீனத்தின் ஆறு குளங்களில் திரிந்த, பச்சையும் பழுப்பும் கலந்த மங்கல் நிறக் கெண்டைதான் இதன் மூதாதை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, அவற்றில் எப்போதாவது பிறந்த பொன்னிற மீன்களைச் சீனர்கள் தனியே எடுத்துக் குளங்களில் காத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஹாங்சோ அரண்மனைக் குளங்களிலேயே அவை இருந்தன. மிங் வம்சக் காலத்தில்தான் பெரிய மண் தாழிகளுக்கும் பீங்கான் தொட்டிகளுக்கும் வந்தன. குளத்தில் பிழைக்க முடியாத இரட்டை வால்களும் குட்டை உடல்களும் அந்தப் பாதுகாப்பில்தான் நிலைத்தன. பிறகு ஜப்பான் போய் ரியூகின், ரஞ்சு என்று புது வடிவம் எடுத்தன. நாரா மாநிலத்து யமாடோகோரியாமா ஊர் இன்றும் தங்கமீனுக்கே பேர்போனது. இவற்றை மேலிருந்து பார்த்தே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்களும் ஒரு நாள் ரஞ்சுவை மேலிருந்து பாருங்கள், அதன் முதுகின் அகலமும் வாலின் விரிவும் அப்போதுதான் தெரியும். பொரிந்த குஞ்சுகள் இன்றும் அந்தப் பழைய மங்கல் நிறத்தில்தான் இருக்கும். பொன்னிறம் மெல்லத்தான் ஏறும்.

3. முதலில் தொட்டி, ஒரு மாதம் கழித்து மீன். எல்லோரும் தவறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மீனின் செவுள் வழியே ஓயாமல் அமோனியா வெளியேறுகிறது. அது நஞ்சு. தண்ணீரில் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அதன் வீரியமும் கூடும், அதாவது நம் ஊர்த் தண்ணீரில் அது இன்னும் கெட்டது. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக்கும். அதுவும் நஞ்சே. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அதன் தீங்கு மிகவும் குறைவு, வாரா வாரம் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்த இரண்டு வகையும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை காலித் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவாருங்கள். அது அழுகி அமோனியா தரும். மீன் வளர்க்கும் நண்பரிடமிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காலம் பாதியாகக் குறையும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால்தான் கொளத்தூருக்கு வண்டியை எடுக்க வேண்டும்.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசவே அலசாதீர்கள். குளோரின் பட்டால் பாக்டீரியா முழுவதும் செத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள்.

4. மெட்ரோ வாட்டரை அப்படியே ஊற்றக் கூடாது. ஒரு நாள் முழுக்கத் திறந்த வாளியில் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகள் போதும். போர்வெல் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தால் கவலை வேண்டாம், தங்கமீனுக்கு அது பிடிக்கும். நல்லது செய்வதாக நினைத்து ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், அதில் தாதுக்கள் இருக்காது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். மொத்தத்தையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிற வழக்கம் வேண்டாம்.

5. ஒத்த வேகமுள்ளவற்றைச் சேர்த்து வளருங்கள். காமெட்டும் ஷுபுன்கினும் அம்புபோலப் பாயும். குண்டு வகைகளான ஒராண்டாவும் பிளாக் மூரும் அசைந்து வருவதற்குள் தீனி தீர்ந்துவிடும். கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் பபுள் ஐ வகையை முதல் சில வருடம் தொடாதீர்கள், ஒரு கூர்மையான கல் பட்டாலே பை கிழிந்துவிடும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனைக் கடைக்காரர் சிபாரிசு செய்வார். மறுத்துவிடுங்கள். அது இரவில் தங்கமீனின் உடலில் ஒட்டிக்கொண்டு மேல்வழவழப்பை உரித்துத் தின்னும்.

6. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். பற்கள் வாயில் இல்லை, தொண்டைக்குள் இருக்கின்றன. ஆகவே சிறுகச் சிறுக, காலையும் மாலையும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்குக் கொடுங்கள். மூழ்கும் வகைத் தீனியைக் கொஞ்சம் ஊறவைத்துப் போடுவது நல்லது. தோலுரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணி, வெந்நீரில் காட்டிய கீரை வாரம் இரண்டு நாள் கொடுக்கலாம். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை நமக்கு. அந்தப் பழக்கத்தில் பொரியோ பிரெட்டோ சோறோ தொட்டியில் போட்டுவிடாதீர்கள். உங்களைக் கண்டதும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வயிறு நிறைந்திருக்கும்போதும் அப்படித்தான் செய்யும்.

7. அதற்கு ஞாபகம் மூன்று நொடிதான் என்பது கட்டுக்கதை. மணியோசைக்கும் விளக்கொளிக்கும் பழக்கினால் மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். 2022இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார், சக்கரம் பூட்டிய தொட்டியைத் தன் நீச்சலாலேயே நகர்த்தி, தண்ணீருக்கு வெளியே வைத்த இலக்கை அடையத் தங்கமீன்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். அதன் காற்றுப்பையையும் உட்காதையையும் சிறு எலும்புகள் இணைப்பதால் செவி மிகக் கூர்மை. வீட்டுக்கு வரும் குழந்தைகள் கண்ணாடியைத் தட்டினால் அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

8. சென்னைக் கோடையில் மிகுந்த கவனம் வேண்டும். இது குளிர்நீர் மீன்; 18 முதல் 24 டிகிரிதான் இதற்கு உகந்தது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். அதே வெப்பத்தில் மீனின் தேவையோ அதிகம். ஆக்சிஜனே இல்லாத நிலையிலும் தங்கமீனும் அதன் உறவான குருசியன் கெண்டையும் உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிப் பிழைக்கும். அது எப்படி நடக்கிறது என்பதை 2017இல் ஓஸ்லோ, லிவர்பூல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். ஆனால் அந்தத் திறமை உறைபனிக்கு அடியில், உடல் இயக்கம் அடங்கிக் கிடக்கும் காலத்துக்கானது. நம் மே மாதத்துக்கு அது உதவாது. ஆகவே ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீரின் மேல்பரப்பில் ஃபேன் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போட வேண்டாம், திடீர் மாற்றம் இன்னும் ஆபத்து. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது குழாய் வழியே தண்ணீர் திரும்பி வரும்.

9. மீன் சோர்ந்தால் மருந்துக்கு ஓடாமல் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். ஆண் மீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அது இனப்பெருக்கப் பருவம், நோயில்லை. உடல் முழுக்க உப்பு தூவியதுபோல் இருந்தால்தான் வெண்புள்ளி நோய். அதற்கு அயோடின் சேராத கல் உப்பு, லிட்டருக்கு 3 கிராம் வரை, இரண்டு நாளில் சிறிது சிறிதாகக் கரைத்துச் சேர்த்துவிடுங்கள்.

10. இது பல வருடக் கடமை. பத்துப் பதினைந்து ஆண்டு சாதாரணமாக வாழும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டு வாழ்ந்து 1999இல்தான் இறந்தது. எட்டாம் வகுப்பில் வாங்குகிற பிள்ளை வேலைக்குப் போகும்போதும் அது தொட்டியில் இருக்கலாம். ஹாஸ்டலுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது என்று அம்மா அப்பாவோடு இப்போதே பேசிவையுங்கள். முடியாமல் போனால் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அப்படி விடப்பட்ட தங்கமீன்கள் பெருத்துப் பெருகி, அடிமண்ணைக் கிளறி, அங்குள்ள மீன்களின் வாழ்விடத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. நம் ஏரிகளில் சக்கர் மீன் பெருகியதும் இப்படி விட்டதால்தான். வளர்க்கிற இன்னொருவரிடமோ வாங்கிய கடையிலோ கொடுத்துவிடுங்கள். காசு திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை.