மண்வெட்டி வீச்சில் தோளும் கையும்

திட்டக்குடி வட்டாரத்தில் கரும்புக்கு மண் அணைத்தாலும், வாய்க்கால் வெட்டினாலும், வரப்புக் கட்டினாலும் கையில் இருப்பது மண்வெட்டியே. ஒரு நாளில் பல நூறு முறை அது உயர்ந்து தாழ்கிறது. கையைத் தூக்க முடியாமல் மருத்துவமனைக்கு வருவோர், தம் கையின் வலிமை குறைந்துவிட்டதாகவே எண்ணுகின்றனர். பல வேளைகளில் குறை வலிமையில் இல்லை. உடல் முழுவதும் பகிர்ந்து செய்ய வேண்டிய வேலையைக் கை மட்டுமே செய்வதில் இருக்கிறது.

தோளின் அமைப்பு

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு. இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமானது. தோளின் கிண்ணமோ ஆழமற்றது. கோல்ஃப் ஆட்டத்தில் சிறு முளையின்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். மேற்கை எலும்பின் தலையும் ஏறக்குறைய அவ்வாறே கிண்ணத்தின்மேல் அமர்ந்துள்ளது. ஆகவேதான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. மூட்டு எளிதில் நழுவுவதும் அதனாலேயே.

அதனை நிலைநிறுத்துபவை சுற்றியுள்ள 4 சிறு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் ஆகும். அவற்றுள் மேலுள்ள தசைநாண், தோள்பட்டை எலும்பு முனையின் அடியில் குறுகிய இடைவெளியில் செல்கிறது. கையைத் தோளுக்கு மேல் உயர்த்தும்போது அது நசுங்கக்கூடும். இது நாள்தோறும் நேர்ந்தால் தசைநாண் வீங்கும். நைந்து கிழியவும் கூடும்.

வீச்சில் பங்கீடு

விசை கால்களிலும் இடுப்பிலும் பிறக்கிறது. தோள்கள் உடலோடு சேர்ந்து இயங்கி அதனைக் கைகளுக்குக் கடத்துகின்றன. கைகள் பிடியைக் காத்து, வெட்டு விழும் இடத்தை நெறிப்படுத்துகின்றன. சிலம்பம் சுற்றுபவரும் கோல்ஃப் மட்டை வீசுபவரும் பயில்வது இந்த ஒழுங்கையே.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒரு காலை முன்வைத்து, முழங்காலைச் சற்றே மடித்து நிற்க வேண்டும்.
2. மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்க வேண்டாம். அது தன் எடையால் இறங்கட்டும்.
3. எட்டி வெட்டாமல், வெட்டுமிடத்தை நெருங்கி நிற்க வேண்டும்.
4. இலையைக் கூர்மையாக வைத்திருக்க வேண்டும். மழுங்கிய இலை தோளுக்குச் சுமை.
5. அவ்வப்போது ஓய்வெடுத்து, முன்கை பின்கையை மாற்றிப் பிடிக்க வேண்டும்.

மருத்துவரை நாட வேண்டிய நேரம்

வலி 2 வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலோ, விழுந்தபின் கையை உயர்த்த இயலாவிட்டாலோ உடனே வர வேண்டும். பிறரிடம் கையைக் கொடுத்து இழுக்கவோ முறுக்கவோ விடலாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் நோய் மிகுதியாக வருகிறது. வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் இறுக்கம் கூடும். தோள்வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தால் அது இதயநோயாக இருக்கலாம். தாமதமின்றி 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு சொல்

ஒரு நாள் கூலி போய்விடுமே என்று வலியை மறைப்பவர் பலர். தலை வாரும்போதும் சட்டை மாட்டும்போதும் அவர் முகம் சுளிப்பதை முதலில் காண்பவர் நீங்களே. அன்றே அழைத்து வாருங்கள். தொடக்கத்தில் வந்தால் ஓய்வும் பயிற்சியுமே பலருக்குப் போதுமானவை.